சுமைக்காரர் தெருவில் வலி மாத்திரை: கிருஷ்ணகிரி மாவட்டத்து நிகழ்வு ஆய்வு

மாவட்ட மனநலத் திட்டத்தோடு சேர்ந்து வேலை செய்யும் மனநல சமூகப் பணியாளர் என்ற முறையில், ஓர் ஊரில் சிலர் வலி மாத்திரைக்கு அடிமையானதைப் பற்றி இதை எழுதுகிறேன். ஆட்களின் பெயரோ ஊரின் பெயரோ இதில் இல்லை. அடையாளம் காட்டிவிடக்கூடிய குடும்ப விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

ராயக்கோட்டைக்கும் சூளகிரிக்கும் நடுவில் சுமார் முந்நூறு வீடுகள் உள்ள ஊர். தக்காளியும் கொத்தமல்லியும் போடும் அளவுக்குச் சிலரிடம் நிலம் இருக்கிறது. மற்றவர்களுக்குக் கூலி வேலைதான். அதில் நல்ல காசு கிடைப்பது மண்டியில் லோடு ஏற்றுவதில். சீசனில் விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் வேலை தொடங்கிவிடும்; பெங்களூரு, சென்னை லாரிகள் கிளம்பும்வரை ஓயாது. ஒரு கிரேடு, அதாவது தக்காளிப் பெட்டி, ஏறக்குறைய 25 கிலோ. ஏற்றும் கிரேடுக்குத்தான் காசு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்த நேரத்துக்கு ஒன்றும் இல்லை. தக்காளி இல்லாத மாதங்களில் இதே ஆட்கள் கிரானைட் குவாரிக்கோ மாங்கூழ் ஆலைக்கோ போவார்கள். அங்கும் முதுகுக்கு ஓய்வு கிடையாது.

இந்தப் பக்கத்து ஊர்களுக்கு உடம்பு வலி பழகிப்போன ஒன்று. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் முதலில் பல் கறைபடும், பிறகு மூட்டும் முதுகெலும்பும் இறுகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்பே தேய்ந்தும் இறுகியும் போன எலும்புகளை அந்தத் தண்ணீர் சரிசெய்யாது. அறுபதைத் தாண்டிய பெண்கள் பலர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார்கள். அவர்கள் கைக்கு எட்டிய வைத்தியம், கடைவீதி மெடிக்கல் ஷாப்பில் "உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க" என்று கேட்பது. கடைக்காரர் நாலைந்து அட்டைகளிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரிக்கோலால் வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டுத் தருவார். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள ஓரம் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். இந்த ஊரில் எந்த வீட்டில் கேட்டாலும் மாத்திரைக்கு அடையாளம் நிறம்தான்: "மஞ்சக் கலர்", "ரோஸ் கலர்".

முதலில் தெரிந்தது

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளியில். அந்தத் திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர் ஒருவர் 2023 கோடையில் ஓர் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்க அவர் வீட்டுக்குப் போனார். ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் காலி மாத்திரை அட்டைகள் செருகியிருந்ததைப் பார்த்தார். வலி மாத்திரை எல்லா வீட்டிலும் உண்டு என்பதால் அதைக் கண்டு அவர் ஆச்சரியப்படவில்லை. அட்டைகள் முழுசாக இருந்ததுதான் அவருக்கு உறுத்தியது. வெட்டிய துண்டுகளே புழங்கும் ஊரில் முழு அட்டை என்றால் யாரோ பெட்டி பெட்டியாக வாங்குகிறார்கள் என்று அவருக்குப் பட்டது. ஒன்றை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் காட்டினார். டேப்பெண்டடால் என்ற கடும்வலி மாத்திரை, 100 மில்லிகிராம். இந்த முழு விவகாரத்திலும் மிகக் கூர்மையான அவதானிப்பு அதுதான் என்பது என் கருத்து. எங்கள் பிரிவுக்குத் தகவல் வந்தது அதற்குப் பிறகு.

மாத்திரை அந்த அம்மாவுடையது இல்லை. அவருடைய மகன், 27 வயது, சுமைத் தொழிலாளி. மனைவியும் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறார்கள். குடிப்பழக்கம் இல்லாதவர் என்று ஊரில் நல்ல பெயர். மூன்று வருடத்துக்கு முன் லாரிப் பலகையில் கால் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. வேலைக்குப் போகாமல் இருந்தபோது உடன் வேலை செய்த ஒருவர் ஒரு மாத்திரை கொடுத்தாராம். "ஒண்ணு போட்டா வலி தெரியாது, ரெண்டு போட்டா சலிப்பும் தெரியாதுன்னாங்க. அதே மாதிரிதான் இருந்துச்சு சார்" என்றார். எங்களிடம் வரும்போது அவர் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு போட்டுக்கொண்டிருந்தார், அதாவது 1,200 மில்லிகிராம். மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கும்போதே பொதுவாக 500 முதல் 600 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு.

வீட்டில் கவனித்தவர் மனைவி. சாயங்காலம் ஆனால் கணவருக்கு ஓயாமல் கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர், கையில் மயிர்க்கூச்சம். சளி என்று நினைத்துக் கஷாயம் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஒரு மணி நேரம் வெளியே போய்விட்டு வந்தால் சளி இருந்த இடம் தெரியாது. நாள் கணக்கில் மலச்சிக்கல், சாப்பாட்டில் ஆசையின்மை, காரணமில்லாத எரிச்சல். காதுத்தோடு அடகுக்குப் போன பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. அதுவும் வேறு பெண் தொடர்பு இருக்குமோ என்ற சந்தேகம்!

என்ன மருந்து, ஏன் பிடித்துக்கொண்டது

டேப்பெண்டடால், அபின் போல வேலை செய்யும் ஓபியாய்டு வகை வலி நிவாரணி. நரம்பு செல்லில் மார்ஃபின் ஒட்டும் அதே இடத்தில் (ஏற்பி) ஒட்டி வலியை அடக்குகிறது. கூடவே நரம்புகளுக்கு இடையில் நார்அட்ரினலின் அளவையும் கூட்டுகிறது. அறுவைசிகிச்சைக்குப் பின்னும் கடுமையான வலிக்கும் மருத்துவர்கள் கொடுக்கும் நல்ல மருந்துதான். தொடர்ந்து போட்டால் உடல் அதற்குப் பழகி, அதே பலனுக்கு மேலும் கேட்கும். நிறுத்தினால் எலும்பு முறிவது போன்ற வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாம் வரும். சுமைக்காரருக்கு இதில் ஒரு பொறி இருந்தது. மருந்து குறைந்ததால் வரும் வலிக்கும் பழைய இடுப்பு வலிக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. மாத்திரை இல்லாத காலையில் வலி அதிகமாக இருந்ததால் தன் இடுப்பு மோசமாகிக்கொண்டே போகிறது என்று உண்மையாகவே நம்பினார்.

டிரமடால் என்ற இன்னொரு ஓபியாய்டு மாத்திரை 2018 ஏப்ரலில் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின்கீழ் வந்தது. அது கடையில் கிடைப்பது கடினமான பிறகு பல இடங்களில் அதன் இடத்தை டேப்பெண்டடால் பிடித்துக்கொண்டது. மருத்துவர் சீட்டு இல்லாமல் இதையும் விற்கக் கூடாது. சீட்டைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

சுமைக்காரர் மூலம் இன்னும் இரண்டு பேர் தெரியவந்தார்கள். ஒருவர் 41 வயது டெம்போ ஓட்டுநர், தினமும் எட்டு மாத்திரையோடு மதுவும் உண்டு. இன்னொருவர் 19 வயது, பாலிடெக்னிக் படிப்பைப் பாதியில் விட்டவர். இந்தத் தம்பிக்கு முதுகுவலியும் இல்லை, லோடு தூக்கும் வேலையும் இல்லை. நண்பர்களோடு வேடிக்கைக்குத் தொடங்கியது.

கடை மூடியதும் விலை ஏறியதும்

நாங்கள் இரண்டாவது முறை ஊருக்குப் போவதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் சிலர் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்திருந்தார்கள். மருந்து ஆய்வாளர் வந்து பில் புத்தகத்தைப் பார்த்தார், வாங்கிய கணக்கும் விற்ற கணக்கும் ஒத்துப்போகவில்லை, கடையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. சட்டப்படி சரியான நடவடிக்கை. ஊரும் பட்டாசு வெடிக்காத குறையாக மகிழ்ந்தது.

ஆனால் கேட்பவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள். ஒரு வாரத்துக்குள் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து மாத்திரை கொண்டுவந்து தரும் ஆள் முளைத்தார். அட்டையில் அச்சிட்ட விலையைப்போலப் பல மடங்கு. அந்த ஜூலையில்தான் நாடு முழுக்கத் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. வரத்து குறைந்ததால் விலை ஏறியது, வரத்து குறைந்ததால் ஏற்ற லோடும் இல்லை. கையில் காசு வற்றிய அதே மாதத்தில் மாத்திரை விலை ஏறியது. முன்பு பத்து மாத்திரை விழுங்கியவர்களில் இளைஞர்கள் சிலர், இரண்டு மூன்றிலேயே அதே போதை கிடைக்கும் என்று கேள்விப்பட்டு ஊசிக்கு மாறினார்கள். எங்களுக்குத் தெரிந்தவரை அதற்கு முன் அந்த ஊரில் யாரும் ஊசி போட்டதில்லை.

விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் டால்க், மாவுப்பொருள் போன்ற கரையாத சேர்மானங்கள் உண்டு. அவை ரத்தநாளத்தில் போனால் நாளம் அடைபடும், சீழ் கட்டும், நுரையீரலின் நுண்குழாய்களில் போய்த் தங்கும், இதய வால்வில் தொற்று வரலாம். ஒரே ஊசியைப் பகிர்ந்தால் ஹெச்.ஐ.வி.யும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி-யும் பரவும். 19 வயதுத் தம்பியை அவருடைய அக்கா எங்களிடம் அழைத்துவந்தபோது முழங்கை மடிப்பில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம். முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்ற மறுத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் கேள்வி ரகசியம் பற்றியது. ஊர்ப் பஞ்சாயத்தார் பட்டியல் கேட்டார்கள், "யார் யாருன்னு சொல்லுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று. கொடுக்கவில்லை. பெயர் வெளியே போனால் மண்டியில் அடுத்த நாளே கூப்பிட மாட்டார்கள். பிறகு யாரும் எங்களிடம் வரமாட்டார்கள். "கேஸ் ஆயிடுமா சார்?" என்பது மூன்று குடும்பமும் கேட்ட முதல் கேள்வி. சிகிச்சைக்கு வருவதற்காக யார்மீதும் வழக்கு இல்லை என்று விளக்கினோம். போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் பொருள்களைப் பயன்படுத்தி அடிமையானவர்களுக்கே, தாமாகச் சிகிச்சைக்கு முன்வந்தால், 64-ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது என்பதையும் சொன்னோம்.

அடுத்தது சிகிச்சை. மூன்று குடும்பங்களும் எதிர்பார்த்தது ஒன்றையே: எங்காவது கொண்டுபோய்ப் பத்திருபது நாள் அடைத்துவைத்து, சுத்தமாக நிறுத்திவிட்டு அனுப்புவது. மருத்துவர் அதற்கு ஒப்பவில்லை. ஓபியாய்டை நிறுத்தும்போது வரும் அவதி ஒரு வாரம் பத்து நாளில் அடங்கிவிடும், ஏக்கம் மாதக்கணக்கில் அடங்காது. அவர் தேர்ந்தது, நாக்கின் அடியில் கரைய விடும் பியூப்ரநார்ஃபின்–நலாக்சோன் மாத்திரை. பியூப்ரநார்ஃபின் அதே ஏற்பியில் ஒட்டினாலும் ஓரளவுக்குமேல் போதை ஏற்றாது, ஏக்கத்தைத் தணிக்கும். அதைக் கரைத்து ஊசியாகப் போட முயன்றால் கூடவே இருக்கும், ஓபியாய்டின் வேலையை முறிக்கும் நலாக்சோன் அவதியைத் தூண்டும். போதை மீட்புக்கான இந்த மருந்து சாதாரண மெடிக்கல் ஷாப்பில் கிடைக்காது, சிகிச்சை மையத்தில்தான் வாங்க வேண்டும்.

தொடங்கிய நாள் விவரமாகச் சொல்லத் தக்கது. சுமைக்காரரை முந்தின நாள் மாலைக்குப் பிறகு எதுவும் போடாமல் வரச் சொல்லியிருந்தோம். காலையில் அரசு மருத்துவமனைக்கு வந்தபோது கண்மணி விரிந்து, மூக்கு ஒழுகி, பெஞ்சில் ஒரு நிலையில் உட்கார முடியாமல் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார். மருத்துவர் அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ்ளோ அவஸ்தப்படறாரு, கையில மாத்திரய வெச்சுக்கிட்டுக் காக்க வெக்கிறீங்களே!" காரணம் இருந்தது. டேப்பெண்டடால் உடம்பில் மிச்சமிருக்கும்போது பியூப்ரநார்ஃபினைக் கொடுத்தால் அது பழைய மருந்தை ஏற்பியிலிருந்து சட்டென்று தள்ளிவிடும், அவதி பல மடங்காகும். அப்படி ஒருமுறை பட்டவர் இந்த மருந்தின் பக்கமே திரும்ப மாட்டார். பதினொரு மணிவாக்கில் 2 மில்லிகிராம் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆட்டம் நின்று, டீ கேட்டார். சில நாளில் ஒரு நாளைக்கு 8 மில்லிகிராமில் நிலைபெற்றது. பியூப்ரநார்ஃபினும் வலி நிவாரணிதான், ஆனால் அதில் வலி தணிந்திருக்கும் நேரம் குறைவு. அதனால் ஒரே வேளையாகக் கொடுக்காமல் காலை, இரவு என்று பிரித்துக் கொடுத்தார் மருத்துவர். சின்ன மாற்றம்தான், சுமைக்காரர் இந்த மருந்தில் நிலைத்ததற்கு அது பெரிய காரணம்.

இடுப்பு வலியைத் தனி நோயாகவே எடுத்துக்கொண்டோம். வீட்டுக்கே வரும் இயன்முறை மருத்துவர் பரிசோதித்து, தண்டுவட நரம்பு எதுவும் அழுந்தவில்லை, முதுகுத் தசைதான் பலவீனம் என்றார். தினப்பயிற்சி சொல்லிக்கொடுத்தார், குனியாமல் முழங்காலை மடக்கித் தூக்கும் முறையையும் காட்டினார். "மண்டியில இப்படி உட்காந்து உட்காந்து எந்திரிச்சா லாரி போயிடும்ங்க" என்று சிரித்தாராம் சுமைக்காரர். உண்மைதான். ஆகவே மேஸ்திரியிடம் பேசி ஆறு மாதத்துக்குத் தக்காளி தரம் பிரிக்கும் வேலைக்கு மாற்றினோம். பேசியது மனைவி. "இடுப்பு தேஞ்சிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்பதற்குமேல் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூலி குறைந்தது. மாத்திரைக்குப் போன காசு மிச்சமானதால் வீட்டுக் கணக்கு பெரிதாக உதைக்கவில்லை.

ஓட்டுநருக்கு நடந்தது

டெம்போ ஓட்டுநரும் பியூப்ரநார்ஃபின் தொடங்கியிருந்தார். அவருடைய அண்ணன்களுக்கு அதில் சம்மதமில்லை. "ஒரு மாத்திரைய விட்டுட்டு இன்னொரு மாத்திரையா?" என்றார்கள். இந்தக் கேள்வியை எல்லாக் குடும்பங்களும் கேட்கின்றன. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வருடக்கணக்கில் மாத்திரை போடுகிறோமே என்ற பதில் அவர்களைத் திருப்திப்படுத்தவில்லை. செப்டம்பரில் வெளிமாவட்டத்துத் தனியார் மறுவாழ்வு மையம் ஒன்றில் சேர்த்தார்கள். அங்கே மருந்து எதுவும் இல்லை. உபதேசம், யோகா, பூட்டிய கதவு. ஒரு மாதம் கழித்து உடம்பு தேறி, முகம் தெளிந்து வந்தார். அண்ணன்கள் கறி எடுத்துச் சமைத்தார்கள்.

வந்த சில நாளில் ஓர் இரவு பழைய நண்பரோடு குடித்திருக்கிறார். பழைய கணக்குப்படி எட்டு மாத்திரையும். வீட்டுக்கு வந்து படுத்தவர் பலமாகக் குறட்டை விட்டார். "ரொம்ப நாள் கழிச்சு நல்லாத் தூங்கறாருன்னு விட்டுட்டோம்" என்றார் மனைவி. விடியும்போது உயிர் இல்லை. பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று குடும்பம் முடிவெடுத்ததால் மரணக் காரணம் ஆவணத்தில் இல்லை. கேட்ட விவரங்களை வைத்து எங்கள் மருத்துவர் வந்த முடிவு, மூச்சு அடங்கிப்போனது. ஒரு மாதம் மருந்து இல்லாமல் இருந்த உடலுக்குப் பழைய தாங்குதிறன் போய்விடும். போன மாதம் ‘வழக்கமான அளவு’ என்பது இந்த மாதம் விஷ அளவு. மதுவும் சேர்ந்தால் மூச்சை இயக்கும் மூளைப்பகுதி இரண்டு பக்கமும் அழுத்தப்படும். அப்படிப்பட்டவரிடம் கேட்கும் கொரகொரவென்ற ஆழ்ந்த குறட்டை மூச்சுப்பாதை அடைபடுவதன் அறிகுறி. தட்டி எழுப்பியும் எழாவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். நலாக்சோன் ஊசி நேரத்தில் கிடைத்தால் மூச்சு திரும்பும்.

பிறகு

ஓட்டுநரின் சாவுக்குப் பின் ஊரிலிருந்து மேலும் நாலு பேர் தாமாகவே வந்தார்கள். இருவர் நிலைத்தார்கள்.

தம்பியின் கையில் சீழ் வெட்டி எடுக்கப்பட்டது. நம்பிக்கை மையத்தில் ஹெச்.ஐ.வி. சோதனையில் தொற்று இல்லை. ஹெபடைடிஸ் சி இருந்தது. 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அதற்கான மாத்திரைகள் இலவசம். பன்னிரண்டு வாரம் போட்டு முடித்தார். அதன் பிறகு செய்த ரத்தச் சோதனையில் வைரஸ் இல்லை. அவரோடு ஊசி பகிர்ந்ததாகச் சொன்னவர்களில் சோதனைக்கு வந்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. பியூப்ரநார்ஃபினை அவர் இரண்டு முறை விட்டு இரண்டு முறை திரும்பினார். 2024 நடுவில் பெங்களூருவில் டெலிவரி வேலைக்குப் போனார். இப்போது அக்காவுக்கு மட்டும் எப்போதாவது போன் வருகிறது.

மெடிக்கல் ஷாப் மீண்டும் திறந்துவிட்டது. முழு அட்டை மாத்திரை அங்கே இப்போது கிடைப்பதில்லை. "செட்" கிடைக்கிறது.

அடுத்த முறை வேறுவிதமாகச் செய்ய வேண்டியவை

மருந்து ஆய்வாளர் ஒரு கடையை நிறுத்தும்போது அதே வாரம் வட்டார மருத்துவ அலுவலருக்கும் மனநலப் பிரிவுக்கும் தகவல் வர வேண்டும். கடையை மூட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூடும் நாளில் அங்கே வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்குப் போக ஓர் இடம் திறந்திருக்க வேண்டும். இந்த ஊரில் அந்த இடைவெளியில்தான் ஊசி நுழைந்தது. இப்போது ஆய்வாளரோடு தொலைபேசி அளவில் அப்படி ஒரு புரிந்துணர்வு இருக்கிறது, எழுத்தில் இல்லை. ஆள் மாறினால் இதுவும் போய்விடும்.

மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வீடு திரும்புபவரின் குடும்பத்துக்குத் தாங்குதிறன் குறைவதையும் குறட்டையின் பொருளையும் முதல் நாளே சொல்ல வேண்டும். தனியார் மையத்துக்குப் போகிறார் என்று தெரிந்தாலும் கோபித்துக்கொண்டு தொடர்பை விடாமல், திரும்பும் தேதியைக் கேட்டுக் குறித்துவைத்துக்கொள்கிறோம்.

தன்னார்வலர்களின் வீட்டுச் சந்திப்பில் ஒரு கேள்வி கூடியிருக்கிறது: "எங்க வலிக்குது, அதுக்கு என்ன போடறீங்க, அட்டையக் காட்டுங்க." போதை என்ற சொல்லே அதில் வராது. அப்படிக் கேட்டபோது வயதானவர்களிடமிருந்து வேறொரு பிரச்சினை கிளம்பியது: தினமும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை போட்டுச் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருப்பவர்கள். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

இன்னும் தீராதது நேரம். புறநோயாளி சீட்டு வாங்கக் காலையில் வரிசையில் நிற்க வேண்டும். மண்டி ஆளுக்கு அது வேலை நேரம். வாரத்துக்கு ஒரு முறை மருந்து என்றாலும் அன்றைய கூலி போகிறது. இரண்டு வாரத்துக்குச் சேர்த்துக் கொடுத்தால் சிலர் விற்றுவிடுவார்கள் என்ற பயம் மருத்துவமனைக்கு உண்டு, அது நியாயமானதும்கூட. நீண்ட நாள் நிலையாக இருப்பவர்களுக்கு மட்டும் மனைவியோ அம்மாவோ கையெழுத்திட்டு இரண்டு வார மருந்து வாங்கலாம் என்பது தற்போதைய ஏற்பாடு. வர முடியாதவர்கள் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணிலோ 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணிலோ பேசலாம்.

சுமைக்காரர் ஒரு வருடத்துக்கு மேலாக டேப்பெண்டடால் தொடவில்லை. நடுவில் ஒரு திருவிழா வாரத்தில் மட்டும் மூன்று மாத்திரை போட்டதாக அவரே வந்து சொன்னார். லோடு ஏற்றும் வேலைக்குத் திரும்பிவிட்டார், பகல் ஷிஃப்டுக்கு மட்டும். பியூப்ரநார்ஃபின் 8-லிருந்து 6 மில்லிகிராமுக்கு இறங்கியிருக்கிறது. அடுத்த குறைப்பைத் தக்காளி சீசன் முடிந்த பிறகு பார்க்கலாம் என்று அவரும் மருத்துவரும் பேசி வைத்திருக்கிறார்கள்.